மிச்சம் நாலு படி

ஏப்ரல் 4

கம்பெனி வக்கீல் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் நாட்குறிப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

நேற்று புது கம்பெனியில் கையெழுத்துப் போட்டேன். இதுவரை ஒன்பது வருடம், மூன்று ஆல்பம், எல்லாமே கிளாட்வின் அண்ணனின் 'ஒற்றைத்தந்தி'யில் வந்தவை. ஒற்றைத்தந்தி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அண்ணன், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, முடிச்சூர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, அவ்வளவுதான். என்னைப் போலவே தூத்துக்குடிக்காரர்கள். இனிமேல் நான் 'மேகவர்ணம் மியூசிக்'. ஏழாவது மாடி, லிஃப்ட், சுனிலா என்ற பெயரை ஒரே தடவையில் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளும் வரவேற்பாளர்.

பிரிந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. மார்ச் 31 வரை நான் உருவாக்கியவற்றில், அண்ணன் எனக்கே விட்டுக்கொடுத்த எட்டுப் பாட்டு போக, மற்றதெல்லாம் ஒற்றைத்தந்திக்குச் சொந்தம். அதற்குப் பிறகு வருவது எனக்கு, அதாவது புது கம்பெனிக்கு. அதனால்தான் இந்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்திருக்கிறது. கிழித்தால் தெரிந்துவிடும்.

"என்னைக்கு என்ன எழுதினீங்க, எப்ப மெட்டு வந்தது, எல்லாம் தேதியோட இருக்கணும்மா. நாளைக்கு யாராவது கேட்டா இந்த நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி," என்றார் வக்கீல்.

இன்று பாட்டு இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை. சாலிகிராமத்துக்குக் கோடை வந்துவிட்டது.

ஏப்ரல் 6

பாட்டு இல்லை. லாரிக்காரனிடம் சண்டை போட்டு ஐந்து குடம் தண்ணீர் பிடித்தேன்.

ஏப்ரல் 9

இன்று ஒரு பாட்டு வந்தது. முழுதாக வந்தது.

காலை பத்தரைக்குப் பல்லவி. பதினொன்றே காலுக்குச் சரணம். மெட்டும் சொற்களும் சேர்ந்தே வந்தன. பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு எழுதியது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவர்கள் பாடுவது.

பதினோரு படியில
ஏழு படி தண்ணிக்கு
மிச்சம் நாலு படி நமக்கு
நகந்து உக்காரு, இடமிருக்கு.

பெயர் 'மிச்சம் நாலு படி'.

பதிவுக்காகச் சொல்கிறேன்: வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கிட்டார் நானே வாசித்தேன். சாதாரணமாக ஒரு பாட்டை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆகும். சில பாட்டு இப்படியும் வரும். யாருக்கும் வரும்.

மதியம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 17

ஸ்டுடியோவில் முதல் நாள். வடபழனி. ஏசி குளிரில் விரல் விறைக்கிறது.

ஒலிப்பதிவு செய்பவர் இளங்கீரன். ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, காது கூர்மை. ஆல்பத்துக்குப் பொறுப்பு பிரதீபா. என் வயதுதான். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, ஃபோனும் கையுமாக நின்றுகொண்டே இருப்பாள். ஒன்பது பாட்டையும் வாசித்துக் காட்டினேன். மற்ற எட்டுக்கும் தலையாட்டினாள். 'மிச்சம் நாலு படி' வந்ததும் ஃபோனைக் கீழே வைத்தாள்.

"சுனிலா, ஆல்பத்துக்கே இதுதான் பேரு. இந்தப் பாட்டு இல்லன்னா இது இன்னொரு ஆல்பம். இது இருந்தா உங்க ஆல்பம்."

மே 25க்குள் எல்லாம் முடித்துக் கொடுக்க வேண்டும். ஜூன் 14 வெளியீடு.

முதல் டேக்குக்கு இளங்கீரன் கையைக் காட்டினார். நான் பாடாமல் நின்றேன். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. யாராவது தேதி சொல்வார்கள் என்று காத்திருந்திருக்கிறேன். கிளாட்வின் அண்ணன் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் மைக்கில் தேதி, நேரம், பாட்டின் பெயர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். என்ன பழக்கமோ. இங்கே பட்டனை அழுத்தினால் போதும்.

ஏப்ரல் 24

முப்பத்தோரு டேக். ஒன்றும் உருப்படவில்லை. குரல் சுத்தமாக இருக்கிறது, பாட்டு செத்துக் கிடக்கிறது. எனக்கே தெரிகிறது.

"வீட்ல சும்மா பாடி ஃபோன்ல ஏதாவது புடிச்சு வெச்சிருக்கீங்களா மேடம்? முதல்ல எப்படிப் பாடுனீங்கன்னு கேக்கணும்," என்றார் இளங்கீரன்.

இருந்தது. பாட்டு எழுதிய அன்றே, அதாவது ஏப்ரல் 9 அன்று, வீட்டில் பதிவு செய்தது. ஆரம்பத்தில் ஒன்பது விநாடி தேவையில்லாத சத்தம் இருந்தது. வெட்டிவிட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 28

பிரதீபா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதையே வெச்சுக்கலாம். இதுக்கு மேல நீங்க பாடவே முடியாது," என்கிறாள். ஃபோனில் பிடித்த குரலையும் கிட்டாரையும் அப்படியே வைத்து, சுற்றி மற்ற வாத்தியங்களைச் சேர்ப்பார்களாம். இப்போதெல்லாம் நிறைய பேர் அப்படிச் செய்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். நேற்று வைத்த மீன் குழம்பு கெட்டுப்போயிருந்தது.

மே 3

ஸ்டெல்லா அக்கா ஃபோன் செய்தார். பிரிந்த பிறகு இதுதான் முதல் தடவை.

"எப்பிடி இருக்க பிள்ள? சாப்பாடெல்லாம் சரியா சாப்பிடுதியா?"

"இருக்கேன்க்கா. அண்ணன் எப்பிடி இருக்காவ?"

"இருக்காவ. ஒரு ஸ்கூல்ல பாட்டு வாத்தியாரா போறாவ. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி, ஹார்ட் டிஸ்க்கு எல்லாத்தையும் ரிச்சி தெருவுல கொண்டு குடுத்துப் பாத்தாவ. சேறு உள்ள போயிருச்சாம். ஒண்ணும் தேறல." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "வெள்ளத்தப்போ உன் போன்லதான ஒரு பாட்டப் புடிச்சீங்க. அது ஏதும் கெடக்கா? அவாள் கேக்கல. நாந்தான் கேக்கேன்."

"அந்த போன் மாத்திட்டேன்க்கா."

இது பொய் இல்லை. ஜனவரியில் ஃபோன் மாற்றினேன். அதிலிருந்த மெமரி கார்டைப் பற்றி அக்கா கேட்கவில்லை.

மே 8

கத்திரி வெயில் தொடங்கி நான்கு நாள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. ஸ்டுடியோவுக்குப் போனபோது இளங்கீரன் ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதுல மழை பெய்யுது மேடம்."

வாங்கிக் காதில் வைத்துக் கேட்டேன். "மாடி டேங்க் நிரம்பி வழிஞ்சிருக்கும் சார். எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான்." தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பவள் சொல்கிற பதிலா இது?

"டேங்க் தண்ணி ஒரே இடத்துல விழும். இது ஊர் முழுக்க விழுது." அவர் இன்னொரு இடத்தைப் போட்டுக் காட்டினார். "அப்புறம் இங்க கேளுங்க. சரணத்துல நீங்க மூச்சு வாங்குறீங்க. கிட்டார் ஒரு நொடி நின்னு, நீங்க வந்த பின்னாடி கூட வருது. தானே வாசிச்சுப் பாடுறவங்களுக்கு இப்படிக் காத்திருக்கத் தெரியாது. அவங்களுக்குத்தான் எப்ப மூச்சு வரும்னு முன்னாடியே தெரியுமே. இது வேற ஆளு. உங்களை நல்லாத் தெரிஞ்ச ஆளு."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"எனக்கு இது தெரிய வேண்டியதில்ல மேடம். ஆனா மழைய எடுத்தா உங்க குரலும் கூடவே போயிடும். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மே 9

பிரதீபாவுக்கு மழைச் சத்தம் பிடித்துவிட்டது! "தனியா சேர்த்ததுன்னு போட்டுக்கலாம்," என்கிறாள். இளங்கீரன் வாயைத் திறக்கவில்லை. ஆக, ஒரு கண்டம் தாண்டியாயிற்று.

வக்கீலிடமிருந்தும் தகவல். இந்த நோட்டோடு 20ஆம் தேதி வர வேண்டும். ஒன்பது பாட்டின் சொல்லும் மெட்டும் முழுக்க என்னுடையவை, அண்ணன் விட்டுக்கொடுத்த எட்டைத் தவிர மற்றது ஏப்ரல் ஒன்றுக்குப் பிறகு உருவானது என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டால் முடிந்தது. கேள்வி கேட்க யாரிடம் என்ன இருக்கிறது?

மே 14

முடிச்சூர் போனேன். கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப், கேபோ என்போம், அதை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதை எடுக்கத்தான் போனேன். புதிதாக ஒன்று கடையில் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும்.

வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே தெரிந்தது. மூன்று தடவை பெயின்ட் அடித்தும் மேலே வந்துவிடுகிறதாம். கீழறையில் இப்போது சைக்கிளும் அரிசி மூட்டையும்தான் இருக்கின்றன. அண்ணன் மெலிந்திருந்தார். கேபோவைத் தேடினார், கிடைக்கவில்லை.

"ஆல்பம் எப்பிடிப் போகுது பிள்ள?"

"போகுதுண்ணே."

"பெரிய இடம். நல்லாப் பண்ணு." பிறகு எதையோ தேடுகிறவர் போல விரலால் மேசையில் தட்டினார். "ஒண்ணு கேக்கேன். அந்தப் படிப் பாட்டு ஞாபகம் இருக்கா? பல்லவி வந்துருது. சரணத்துல ரெண்டு வரி போறேன், அப்புறம் எங்க போகணும்னு தெரியல. ராத்திரியும் பகலும் அதே ஓடுது. நான் போட்ட மெட்டு எனக்கே வர மாட்டேங்குது பாரு."

பாடிக் காட்டினார். மூன்றாவது வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே இறங்கினார். தப்பு என்று அவருக்கே தெரிந்தது. மறுபடி பாடினார், மறுபடி தப்பினார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கும் சரியா ஞாபகம் இல்லண்ணே."

"சரி, விடு. போனது போகட்டும்."

மேலே எழுதியதை இப்போதுதான் திரும்பப் படித்தேன். நான் போட்ட மெட்டு என்று அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். பக்கத்தைக் கிழிக்கவும் முடியாது. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

டீ குடித்த டம்ளரைக் கழுவ அடுக்களைக்குப் போனேன். குழாயைத் திறந்து கழுவிக்கொண்டிருந்தபோது ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பினால் ஸ்டெல்லா அக்கா வாசலில் நிற்கிறார். மூன்றாவது வரியைத் தாண்டி நான்காவது வரியில் இருந்தேன்.

"டீக்குச் சீனி போதுமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்குக் கேட்டிருக்காது. குழாய் திறந்திருந்தது.

மே 17

அக்கா ஃபோன் செய்தார்.

"அவாள்ட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லிரு."

"எதக்கா?"

"குழா தொறந்திருந்தா எனக்குக் காது கேக்காதா பிள்ள?"

வைத்துவிட்டார்.

மே 19

நாளை வக்கீல். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

பக்கம் 41. மையில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 9 அன்று நான் எந்தப் பாட்டும் எழுதவில்லை. அன்று கத்திரிக்காய்க் குழம்பு வைத்தது மட்டும் உண்மை.

'மிச்சம் நாலு படி' டிசம்பர் 3 அன்று முடிச்சூர் வீட்டு மாடிப்படியில் வந்தது. ரெக்கார்டிங்குக்காகப் போயிருந்தேன். முதல் நாள் விடியற்காலை தண்ணீர் உள்ளே வந்தபோது முழங்கால் அளவு. கீழறையில் அண்ணனின் கம்ப்யூட்டர், ஒன்பது வருடப் பதிவுகள், அவருடைய மைக்குகள், கூடவே என் கிட்டார். அண்ணன் முதலில் என் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மேசை சாய்ந்துவிட்டது. அவர் கம்ப்யூட்டரை முதலில் எடுத்திருந்தால் என் கிட்டார் போயிருக்கும். கடையில் இன்னொன்று வாங்கியிருப்பேன். ஒற்றைத்தந்தி பிழைத்திருக்கும், நானும் அதைவிட்டு வந்திருக்க மாட்டேன்.

மேலே இருந்த ஒரே அறையில் கூரை ஒழுகியது. அதனால் மூன்று பேரும் படியில்தான் இருந்தோம். மறுநாள் தண்ணீர் ஏழாவது படியைத் தொட்டது. நான் மீதிப் படிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்து, "மிச்சம் நாலு படி கெடக்கு. நகந்து உக்காரு, இடமிருக்கு," என்றார். மூன்று பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அதிலிருந்துதான் பாட்டு. பல்லவியின் முதல் இரண்டு வரிகளும் சரணத்தின் சொற்களும் என்னுடையவை. பல்லவியில் மற்ற இரண்டு வரிகள் அவர் சொன்னவை. மெட்டு முழுக்க அவருடையது. என் கிட்டாரில், அவர் வாசித்தது. ஃபோனில் பதினான்கு சதவீதம் சார்ஜ் இருந்தது. "படகுக்காரனுக்குப் போன் பண்ணாம பாட்டா புடிக்கீய?" என்று அக்கா சத்தம் போட்டார். மழை விடவே இல்லை.

ஆல்பத்தில் அண்ணன் எப்போதும் 'பாட்டும் இசையும் சுனிலா' என்றுதான் போடுவார். தன் பெயரைப் போட்டுக்கொண்டதே இல்லை. அவருக்கு அதெல்லாம் பிடிக்காது என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் அவரிடம் கேட்டதில்லை.

அந்தப் பதிவு வேறு யாரிடமும் இல்லை, என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இதைச் செய்தேன். மறந்து செய்யவில்லை. அன்று அவர் மூன்றாவது வரியைத் தேடித் தேடித் தவித்ததை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மரிய சுனிலா. மே 19, மாலை 4.10.

மே 20

வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு 41ஆம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு நோட்டை, கூட வந்து நின்ற பிரதீபா பக்கம் தள்ளினார்.

"சாட்சிதான்மா இது. ஆனா நமக்கு எதிரான சாட்சி. எதுக்கு எழுதினீங்க?"

"நீங்கதானே சார் நடந்ததை எழுதச் சொன்னீங்க."

பிரதீபா முதல் தடவையாக உட்கார்ந்தாள். "நான் அழுதேன், சுனிலா. நீங்க பார்த்துக்கிட்டு நின்னீங்க," என்றாள்.

கிளாட்வின் எழுதிக் கொடுத்தால் பாட்டு ஆல்பத்தில் இருக்கும். கொடுக்காவிட்டால் வெளியே. இன்னும் ஐந்து நாள். அடுத்த ஆல்பத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றாள். புது கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் மூன்று ஆல்பம் என்று இருந்தது.

மே 21

முடிச்சூர். வெட்டாத பதிவை அண்ணன் முன்னால் மேசையில் வைத்துப் போட்டேன். முதல் ஒன்பது விநாடி:

"டிசம்பர் மூணு. காலைல பத்து மணி. மிச்சம் நாலு படி. மொத டேக்கு."

அவருடைய குரல். பின்னால் மழை. தன் குரலைக் கேட்டதும் அண்ணன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வரி மேலே போனபோது கண்ணை மூடினார். முடியும் வரை ஸ்டெல்லா அக்கா உட்காரவே இல்லை.

"எப்பலேருந்து உன்கிட்ட இருக்கு?"

"அன்னைலேருந்தேண்ணே."

"போன வாரம் நான் பாடும்போதும்?"

"ஆமாண்ணே."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆல்பம், உறுதிமொழி, வெட்டிய ஒன்பது விநாடி. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"ஒவ்வொரு டேக்குக்கும் தேதி சொல்லுதேன்னு நீ கிண்டல் பண்ணுவ. தேதி சொல்லி வெச்சா எதுவும் தொலையாதுன்னு ஒரு நம்பிக்க. தண்ணி கொண்டுபோனது போக மிஞ்சுனதே இந்த ஒண்ணுதான். நீ அதுலயும் தேதிய வெட்டிட்ட."

"எழுதிக் குடுங்கன்னு கேக்க வரலண்ணே."

"நான் குடுக்கவும் மாட்டேன். பாட்டு ஒற்றைத்தந்தில இருக்கட்டும். நீ போயிட்டு வா."

மெமரி கார்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அக்கா வாசல் வரை வந்தார். கேட்டைச் சாத்தாமல் நின்றார். தாம்பரம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

மே 25

எட்டுப் பாட்டைக் கொடுத்தாயிற்று. ஆல்பத்தின் பெயர் 'வெயில் நேரம்' என்று மாறிவிட்டது. இளங்கீரன் சார் கை கொடுத்தார். "அந்த மழைய நான் அழிக்கல மேடம்," என்றார்.

வக்கீல் இந்த நோட்டை வேண்டாம் என்றுவிட்டார். இனி இது எதற்கும் உதவாதாம். மீதிப் பக்கம் வீணாகப் போக வேண்டாமே என்று எழுதுகிறேன்.

ஜூன் 6

ஒற்றைத்தந்தி இன்று ஒரே ஒரு பாட்டை வெளியிட்டது. வேறு வாத்தியம் எதுவும் சேர்க்கவில்லை. ஃபோனில் பிடித்தது பிடித்தபடி. தேதியில் தொடங்குகிறது. கீழே, 'பாட்டு: சுனிலா, கிளாட்வின். இசை, கிட்டார்: கிளாட்வின்.' ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

கறிவேப்பிலை வாங்கப் போன கடையில் நின்றபடியே நான்கு தடவை கேட்டேன். நான் மூச்சு வாங்குமிடத்தில் அவர் நிற்கிறார். ஒவ்வொரு தடவையும் நிற்கிறார்.

ஜூன் 14

என் ஆல்பம் வந்துவிட்டது. நல்ல ஆல்பம்தான். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

புதிதாக ஒன்று எழுதத் தொடங்கினேன். காலையிலிருந்து ஒரே ஒரு வரிதான் வந்திருக்கிறது. அதுவும் தேறாது போலிருக்கிறது. மூன்று வாரம் ஆகும்.

பதினொரு மணிக்கு ஃபோனில் ஒரு குரல் செய்தி வந்தது. பயந்துகொண்டேதான் திறந்தேன். வணக்கம் இல்லை, நலமா இல்லை, வாழ்த்தும் இல்லை. டேக்குக்கு முன்னால் சொல்கிற அதே குரல்:

"ஜூன் பதினாலு. காலைல பத்தே முக்கால். கேபோ கெடச்சிருச்சு."

அவ்வளவுதான். நாளைக்கு முடிச்சூர் போகிறேன்.